சுருக்கிச் சொன்னவர்

"மடக்கச் சொல்லுங்கள்," என்றாள் ஸ்மிதா, பெங்காலியில்.

"மடக்குப்பா," என்றார் நாகரத்தினம், தமிழில்.

மணிவேல் மடக்கப் பார்த்தான். கட்டைவிரல் வந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் கொஞ்சம் தயங்கி உள்ளங்கைப் பக்கம் வந்தன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் நின்ற இடத்திலேயே நின்றன. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் முயன்றபோது, உள்ளங்கையில் தழும்பு இருந்த இடத்தில் தோல் உள்ளே இழுபட்டு ஒரு சின்னக் குழி விழுந்தது.

ஸ்மிதா அந்தக் குழியின்மேல் தன் விரலை வைத்து இன்னொரு தடவை மடக்கச் சொன்னாள். மறுபடியும் குழிதான் விழுந்தது.

"ஒட்டிக்கொண்டுவிட்டது. தைத்த டெண்டன் நகரவே இல்லை. தழும்பு அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றோடும் சேர்த்துப் பிடித்துவிட்டது." அவள் நாகரத்தினத்தை நிமிர்ந்து பார்த்தாள். சித்தப்பா முறை வைத்து அவரைக் காக்கு என்றுதான் கூப்பிடுவாள். "காக்கு, நான் சொன்னபடி மணிக்கு ஒரு தடவை செய்தாரா என்று கேளுங்கள்."

அவள் என்ன கேட்கிறாள் என்பது நாகரத்தினத்துக்கு அட்சர சுத்தமாகப் புரிந்தது. அதுதான் சங்கடம்.

நாகரத்தினம் சாந்த்ராகாச்சி ரயில்வே அலுவலகத்தில் சூப்பரின்டெண்டென்ட். ஐம்பத்தெட்டு வயது. அப்பா கரக்பூர் ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்கு வந்தவர் என்பதால் பெங்காலி அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ரயில்வே காலனியில் புதிதாக வந்திறங்கும் தமிழ்க் குடும்பம் எதற்கும் காய்ச்சல், கர்ப்பம், கல்லடைப்பு எது வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட வருவார். டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

அவருக்கென்று ஒரு பாணி உண்டு. டாக்டர் பத்து நிமிஷம் பேசுவதைப் பத்து வார்த்தையில் முடித்துவிடுவார். "எண்ணெய் ஆகாது, நடக்கணும், மாத்திரை ரெண்டு வேளை. அவ்வளவுதான், எந்திரி." டாக்டர் பேசினால் தலை சுற்றும், அண்ணாச்சி சொன்னால் மனசு தெளியும் என்று காலனியில் ஒரு பேச்சு இருந்தது. அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. விழாததுபோல் இருந்துகொள்வார்.

மணிவேல் கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். முப்பத்தொரு வயது. ரயில் பெட்டிகளின் பிரேக் பார்க்கிற ஃபிட்டர். மகாளயத்துக்குப் பத்து நாள் முன்னால், யார்டில் ஒரு பெட்டிக்கு அடியில் கையை விட்டவன், கிழிந்து தொங்கிய தகட்டில் உள்ளங்கையை அறுத்துக்கொண்டான். இரண்டு விரல்களை மடக்கும் தசைநாண்கள், டெண்டன் என்கிறார்களே அவை, துண்டாகிவிட்டன. ரயில்வே ஆஸ்பத்திரியிலிருந்து பவானிபூர்ப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்தார்கள். ஐந்தாம் நாள் கைப்பயிற்சிப் பிரிவில் ஸ்மிதாவிடம் அழைத்துப் போனார்கள். நாகரத்தினமும் போனார்.

அன்று ஸ்மிதா நிறையப் பேசினாள். அந்த டெண்டன் ஒரு குழாய்க்குள் ஓடுகிற கயிறு மாதிரி என்றாள். சும்மா விட்டால் காயம் ஆறும்போது கயிறு குழாயோடு சேர்ந்தே ஆறிவிடும், பிறகு இழுத்தால் வராது. அதனால் கைக்குப் பின்பக்கம் தாங்கலாக வைத்துக் கட்டிய பட்டையைக் கழற்றாமல், மணிக்கு ஒரு தடவை, இடது கையால் அந்த இரண்டு விரல்களையும் உள்ளங்கை வரை மெதுவாக அழுத்தி, பட்டை தொடுகிற வரை நிமிர்த்த வேண்டும். தடவைக்குப் பத்து. தானாக மடக்கக் கூடாது, எதையும் பிடிக்கக் கூடாது, தூக்கக் கூடாது. தையல் பிரித்ததும் தழும்பை எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும்.

சொன்னதோடு நிற்காமல் அவள் ஒரு தடவை செய்தும் காட்டினாள். மணிவேலின் முகம் சுருங்கியது. "யம்மா" என்றான். அவனைவிட நாகரத்தினத்துக்குத்தான் உடம்பு கூசியது.

அவருக்கும் ஒரு கை முறிந்த கதை உண்டு. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மணிக்கட்டு உடைந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு, ஒரு விரல் அசைக்காமல் கிடந்தார். இன்றைக்குக் கேஸ் சிலிண்டர் தூக்குகிறார். பஞ்சர் ஒட்டின டியூபில் பசை காயுமுன் எவனாவது காற்று அடிப்பானா? இந்தப் பெண்ணுக்கு அவர் மகள் வயசு. புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறாள். எலும்புக்கே ஆறு வாரம் என்றால் நரம்புக்கு எவ்வளவு? இத்தனையும் அவர் மனதில் ஓட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"தம்பி, இப்ப அவங்க செஞ்சது சும்மா சோதிச்சுப் பாத்தது," என்றார் மணிவேலிடம். "வீட்டுல நீ செஞ்சிராத. ஆறு வாரம் கை அசையப்படாது. பட்டையக் கழட்டாத, எதையும் பிடிக்காத, தூக்காத. பூஜா லீவு முடிஞ்சதும் வரச் சொல்றாங்க."

பாதிக்கு மேல் உண்மைதான். அதனால்தான் சொல்லும்போது நாக்கு இடறவில்லை.

பிறகு நவராத்திரியோடு பூஜா வந்தது, லட்சுமி பூஜா வந்தது. தையலைப் பக்கத்திலேயே ரயில்வே ஆஸ்பத்திரியில் பிரித்துக்கொண்டார்கள். நாலு வாரம் போய்விட்டது.

இப்போது ஸ்மிதா பதிலுக்குக் காத்திருந்தாள். நாகரத்தினம் மணிவேல் பக்கம் திரும்பினார்.

"கைய நல்லாப் பாத்துக்கிட்டியான்னு கேக்காங்க."

மணிவேல் நாற்காலியில் நிமிர்ந்தான். "அண்ணாச்சி, நீங்க சொன்ன நாள்லேருந்து இந்த ரெண்டு விரலும் ஒரு இம்மி அசையல. தூக்கத்துல அசைஞ்சிரும்னு வீட்டுல லெச்சுமி பழைய சேலையக் கிழிச்சு, கையக் கட்டில் சட்டத்தோட கட்டிப் போட்டுருதா. சத்தியமாத்தான். சொல்லுங்க அவங்ககிட்ட."

அவன் முகத்தில், கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினவனின் களை இருந்தது.

நாகரத்தினம் ஸ்மிதாவிடம் சொன்னார்: "வலிக்குப் பயந்துவிட்டான் அம்மா. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவைதான் செய்தானாம்."

அந்தப் பொய் அத்தனை சரளமான பெங்காலியில் வந்தது. எங்கும் ஒரு தடுக்கல் இல்லை.

ஸ்மிதா பேனாவைக் கீழே வைத்தாள். இந்தத் தடவை அவள் நாகரத்தினத்தைப் பார்க்காமல் மணிவேலையே பார்த்துப் பேசினாள். ஆறு மணி நேரம் நின்று ஒரு டாக்டர் தைத்ததை நாலு வாரத்தில் வீணாக்கிவிட்டீர்கள் என்றாள். என்னிடம் தினமும் ஆறு பேருக்குத்தான் இடம், வெளியே பதினைந்து பேர் காத்திருக்கிறார்கள், வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுகிறவருக்கு அந்த இடத்தை நான் தர முடியாது என்றாள். ஒரு மாதம் கழித்து சர்ஜன் பார்க்கட்டும், மறுபடி திறந்து ஒட்டினதைப் பிரிக்க வேண்டி வரலாம், அதற்கப்புறமும் இப்படியே சும்மா இருந்தால் அதுவும் வீண் என்று முடித்தாள்.

மணிவேல் அவள் முகத்தையும் நாகரத்தினத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "எதுக்கு அண்ணாச்சி கோவப்படுதாங்க?"

"லீவு முடிஞ்சு கூட்டம்லா, அதான். ஒரு மாசம் கழிச்சு வரணுமாம்."

"விரலு?"

"மெதுவா வரும்."

மணிவேல் எழுந்து, பட்டை கட்டின கையோடு மற்றக் கையைச் சேர்த்து ஸ்மிதாவுக்கு ஒரு கும்பிடு போட்டான். அவள் அடுத்த ஆளின் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் மணிவேல் ஓடிப்போய் மண்குவளையில் டீ வாங்கி வந்தான். "இடது கையால தாரேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க," என்று சொல்லி நீட்டினான். நாலு வாரமாக அவன் இடது கையால் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்கிறான்.

பஸ் ஆற்றுக்கு மேலே போகிற இரண்டாவது பாலத்தில் ஏறியது. ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் பேசிக்கொண்டே வந்தான்.

"பிரேக் சிலிண்டருக்குப் பின்னால ஒரு நட்டு உண்டு அண்ணாச்சி. கண்ணுக்குத் தெரியாது. டார்ச் அடிச்சாலும் தெரியாது. இந்த ரெண்டு விரலும்தான் உள்ள போயி, லூசா இருக்கா, டைட்டா இருக்கான்னு பாத்துச் சொல்லும். யார்டுல எல்லாவனும் என்னையத்தான் கூப்பிடுவான்."

"ம்."

"ஜனவரில மெடிக்கல் வருது. ஃபிட் இல்லன்னா வேற வேலைக்குப் போட்டுருவாங்களாம். ஸ்டோர் வாசல்ல உக்காந்து ஆள் வந்தா சாவி எடுத்துக் குடுக்கணுமாம். முப்பத்தோரு வயசுல சாவி குடுத்துக்கிட்டு இருக்கவா?" சிரித்தான். "அப்பிடி ஆகாது. மெதுவா வரும்னு சொல்லிட்டாங்கள்லா."

நாகரத்தினம் ஆற்றைப் பார்த்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். பாலம் நீளமான பாலம்தான். பஸ் இறங்கி, டோல் தாண்டி, சாந்த்ராகாச்சி வந்து சேருகிற வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் விஜயலட்சுமி வந்தாள், மணிவேல் லெச்சுமி என்று கூப்பிடுகிற அவன் மனைவி. தூக்குச் சட்டியில் கருப்பட்டிப் பணியாரம். நாகரத்தினத்தின் மனைவி கிருஷ்ணம்மாள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மைனி, அண்ணாச்சிகிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள். உட்காரவில்லை. கதவுப் பக்கமே நின்றாள்.

"கேளும்மா," என்றார் நாகரத்தினம்.

"டாக்டரம்மா ரொம்பக் கோவமா இருந்தாகளாம். அவுக கூட்டத்துக்காகன்னு சொல்லுதாக. எனக்கு என்னமோ..." சேலை முந்தானையைத் திருகினாள். "போன வாரம் அவுகளுக்குத் தலை துவட்டும்போது என் கை பட்டு அந்த நடுவிரல் லேசா அசைஞ்சிருச்சு அண்ணாச்சி. அவுகளுக்குத் தெரியாது. நான் சொல்லல. அதனாலதான் விரலு வரலையோ?"



"அதனால இல்லம்மா."

"நெசமாவா?"

"அதனால இல்ல. நீ போ."

அவள் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆறவிட்டுச் சாப்பிடுங்க மைனி, சூடா இருக்கு, ஆறினாத்தான் ருசி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிருஷ்ணம்மாள் ஒரு போர்வையை மடித்து முடித்தாள்.

"ஏங்க, அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு அசைக்கக் கூடாதுன்னா சொல்லிச்சு?"

"என்ன திடீர்னு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் தூக்குச் சட்டியின் மூடியைத் திறந்து மூடினார்.

"அசைக்கச் சொல்லிச்சா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல், எல்லாவற்றையும் சொன்னார். இன்றைக்குச் சொன்ன பொய் உட்பட.

கிருஷ்ணம்மாள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. "எனக்குத் தைராய்டு பாத்தப்ப டாக்டர் கால் மணி நேரம் பேசினாரு. நீங்க 'காலையில ஒரு மாத்திரை'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

"அதுக்கென்ன இப்ப?"

"மறுநாள் சீட்டை எடுத்துக்கிட்டு நான் எதுத்த வீட்டுப் பெங்காலியம்மா, மண்டல் பௌதிகிட்டப் போனேன். அந்த மாத்திரை சாப்பிட்டு அரை மணி நேரம் காப்பி குடிக்கக் கூடாதாம். நீங்க சொல்லல. அன்னையிலேருந்து எல்லாத்தையும் பௌதிகிட்டக் கேட்டுக்கிடுதேன்."

"எத்தனை வருஷமா?"

"எட்டு வருஷமா."

எட்டு வருஷமாக இந்த வீட்டிலேயே ஒருத்தி அவர் வார்த்தையை வெளியே கொண்டுபோய்ச் சரிபார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா, ஆமா" என்று தலையாட்டிக்கொண்டே.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உங்களுக்கு முகம் வாடிரும். உங்க வாயும் மூடாது. இப்ப அவன் கையும் மூடாது." அவள் எழுந்து பணியாரச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "இத நான் தொடப் போறதில்ல. நீங்களே தின்னுங்க."

மறுநாள் காலை நாகரத்தினம் தனியாகப் பவானிபூருக்குப் பஸ் ஏறினார். எட்டரை மணிக்கே கைப்பயிற்சிப் பிரிவின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். உள்ளே ஒரு கிழவர் கிண்ணத்து அரிசியில் விரலை விட்டு அளைந்துகொண்டிருந்தார். ஒரு காலேஜ் பெண் கையைச் சூடான மெழுகில் முக்கி எடுத்தாள். ஒருத்தர் கண்ணீர் வழிய வழிய எண்ணிக்கொண்டே விரல்களை அழுத்திக்கொண்டிருந்தார், ஆனால் நிறுத்தவில்லை. இவர்களில் யாருக்கும் அவர் மொழிபெயர்க்கவில்லை. அதனால்தான் இவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று தோன்றியது.

பதினொரு மணிக்கு ஸ்மிதா கை கழுவ வெளியே வந்தாள். அவர் எழுந்து நின்று, முதல் நாள் மாற்றிச் சொன்னதிலிருந்து ராத்திரியில் கையைக் கட்டிலோடு கட்டினது வரை சொன்னார். பெங்காலியில் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. ஏதோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் புகார் கொடுப்பதுபோல் இருந்தது.

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைக்க மறந்துவிட்டாள்.

"நேற்று நான் அவரைத் திட்டினேன் காக்கு. நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. நாளை ஒன்பதரைக்கு அழைத்து வாருங்கள். ஒருவருக்கு இன்றோடு பயிற்சி முடிகிறது. அந்த இடத்தை இவருக்குத் தருகிறேன்."

"பிழைத்துக்கொள்வானா?"

"நாலு வாரம்தானே ஆகிறது. தழும்பு இன்னும் முற்றவில்லை. ஆனால் கஷ்டப்பட வேண்டும், தினம் தினம்."

நாகரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "ஒன்று கேட்கிறேன் அம்மா. அவனிடம் இது புது சிகிச்சை என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை அசைக்கக் கூடாது, இனிமேல் அசைக்கலாம் என்று. பழையதை எதற்குக் கிளற வேண்டும்?"

ஸ்மிதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விரல் அசைந்தால் தையல் அறுந்துவிடும் என்று அவர் நம்புகிறார். தூக்கத்தில்கூடக் கட்டிப் போடுகிற அளவுக்கு நம்புகிறார். நான் விரலைப் பிடித்தால் தோள் வரைக்கும் இறுகிவிடும். இங்கே என் முன்னால் அரை மணி நேரம் செய்வார். வீட்டுக்குப் போய் மீதி நேரமெல்லாம் பயந்துகொண்டு பத்திரமாக வைத்துக்கொள்வார். அந்தப் பயத்தை வைத்தது நீங்கள். எனக்குத் தமிழ் தெரியாது. நீங்கள்தான் எடுக்க வேண்டும்."

மறுநாள் பஸ்ஸில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். வாயெடுத்தபோது கண்டக்டர் வந்தார். அப்புறம் மணிவேலே பேசத் தொடங்கிவிட்டான். "எப்பிடி அண்ணாச்சி இடம் வாங்கினீங்க? ஒரு மாசம்னாங்களே. நீங்க மட்டும் இல்லன்னா என் கதி என்ன ஆகும்." அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? ரவீந்திர சதன் நிறுத்தத்தில் இறங்கி நடந்தார்கள். ரோட்டில் சொல்ல முடியாது. லிஃப்டில் ஆட்கள் இருந்தார்கள்.

ஸ்மிதா மேஜைமேல் துண்டை விரித்து மணிவேலின் கையை அதில் வைத்தாள். பட்டையைக் கழற்றினாள். அவன் கை ஒரு பீங்கான் சாமான்போல் அப்படியே கிடந்தது.

"சொல்லிவிட்டீர்களா?" என்றாள்.

"என்ன கேக்காங்க?" என்றான் மணிவேல்.

இரண்டு பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"இனிமே விரலை அசைக்கணுமாம் தம்பி. மணிக்கு ஒரு தடவ."

மணிவேல் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "ஆறு வாரம் ஆகலையே அண்ணாச்சி. நாலுதான ஆச்சு. பிச்சுக்கிடாதா?"

"இப்ப அசைக்கலாமாம்."

"அப்ப இதுவரைக்கும் அசைக்காம இருந்தது சரிதான?"

ஆமா என்று சொன்னால் போதும். ஒரே வார்த்தை. வாழ்நாள் முழுக்க அவர் அப்படித்தான் ஒரே வார்த்தையில் முடித்து எல்லோரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"இல்ல," என்றார்.

மணிவேலுக்குப் புரியவில்லை. சிரித்த முகத்தோடேயே இருந்தான்.

"சரியில்ல தம்பி. மொதல் நாளே அசைக்கச் சொன்னாங்க. மணிக்கு ஒரு தடவ, பத்துப் பத்து. அசைக்கலன்னா ஒட்டிக்கிடும்னும் சொன்னாங்க. நாந்தான் மாத்திச் சொன்னேன்."

"புரியாமச் சொல்லிட்டீங்களா?"

இதுவும் ஒரு வாசல்தான். நாகரத்தினம் அதையும் சாத்தினார்.

"நல்லாப் புரிஞ்சுது. அவங்கள விட எனக்குத் தெரியும்னு நெனச்சேன். அன்னைக்கு அவங்க கோவப்பட்டது கூட்டத்துக்காக இல்ல. நீ ஏன் செய்யலன்னு கேட்டாங்க. நீ வலிக்குப் பயந்துட்டன்னு நான் சொன்னேன்."

மேஜைமேல் மின்விசிறிக் காற்றில் ஒரு சீட்டு படபடத்தது. ஸ்மிதா அதன்மேல் கையை வைத்து அமுக்கினாள்.

மணிவேல் தன் இரண்டு விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் வலிக்குப் பயந்தேன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"நான் அப்பிடிப்பட்ட ஆளு இல்லன்னு சொல்லுங்க அவங்ககிட்ட."

நாகரத்தினம் பெங்காலியில் சொன்னார். சொல்லும்போது அவர் தலை குனிந்திருந்தது.

"தெரியும்," என்றாள் ஸ்மிதா. "அன்று தெரியாமல் திட்டிவிட்டேன். நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்."

"அன்னைக்குத் தெரியாமத் திட்டிட்டாங்களாம். உங்கிட்ட மன்னிப்புக் கேக்காங்க," என்று மொழிபெயர்த்தார் நாகரத்தினம். மன்னிப்பு என்ற வார்த்தை தன் வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான், அதை முதலில் சொல்ல வேண்டியவள் அவள் இல்லை என்று அவருக்கு உறைத்தது. தப்பே செய்யாத பெண் கேட்டுவிட்டாள். அவர் இன்னும் கேட்கவில்லை.

"நானும் கேட்டுக்கிடுதேன் தம்பி. என்னைய மன்னிச்சிரு."

மணிவேல் கையை மறுபடி துண்டின்மேல் வைத்தான்.

"எப்பிடி மடக்கணும்னு கேளுங்க."

முதலில் சூடு வைத்தாள். பிறகு எண்ணெய் தொட்டுத் தழும்பின்மேல் கட்டைவிரலை அழுத்தி, வட்டமாக, நீளவாக்கில், குறுக்காகத் தேய்த்தாள். அவன் நெற்றி வியர்த்தது. பிறகு விரலின் அடிக்கணுவைப் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் மடக்கச் சொன்னாள்.

"வலிக்குமான்னு கேளுங்க," என்றான் மணிவேல்.

நாகரத்தினம் கேட்டார். ஸ்மிதா நீளமாகப் பதில் சொன்னாள். பழைய நாகரத்தினமாக இருந்தால், 'கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்க' என்று முடித்திருப்பார். இப்போது ஒவ்வொன்றாகச் சொன்னார். "வலிக்குமாம். அறுக்கிற மாதிரி வலிச்சா நிறுத்தணுமாம், இழுக்கிற மாதிரி வலிச்சா நிறுத்தக் கூடாதாம். முழுசா வரும்னு அவங்களால சொல்ல முடியாதாம். பாதி வரலாம், முக்காலும் வரலாம். மூணு மாசம் பாத்துட்டு வரலன்னா மறுபடி ஆபரேஷன் பண்ணி ஒட்டினதப் பிரிப்பாங்களாம். ஜனவரி மெடிக்கலுக்குள்ள ஆகும்னு நம்பாதீங்கன்னு சொல்றாங்க."

கடைசி வரியை விட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் சொன்னார்.

மணிவேல் தலையாட்டினான். மடக்கினான். ஸ்மிதா பெங்காலியில் எண்ணினாள். ஏழாவதிலோ எட்டாவதிலோ நடுவிரலின் நுனி ஒரு அரிசி அளவு அசைந்தது. இன்னொரு தடவை அசைந்தது. ஆள்காட்டி விரல் அன்றைக்கு அசையவே இல்லை.

புறப்படும்போது ஸ்மிதா, வீட்டில் செய்ய வேண்டியதை ஒரு சீட்டின் பின்பக்கம் பெங்காலியில் எழுதித் தந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நாகரத்தினம் அதைத் தமிழில் எழுதினார். எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எந்தக் கணு, எண்ணெய் எப்போது, ராத்திரி பட்டை எப்படி. மூக்குக் கண்ணாடியைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டு, கையெழுத்து கோணாமல் எழுதினார். முடித்து நீட்டினார்.

மணிவேல் இடது கையால் வாங்கினான். தப்பா எடுத்துக்கிடாதீங்க என்று இந்தத் தடவை சொல்லவில்லை. இரண்டு தாள்களையும் தொடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அவனுக்குப் பெங்காலி எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. இடது ஆள்காட்டி விரலை ஸ்மிதாவின் முதல் வரியில் வைத்தான். இரண்டாம் வரிக்கு இறக்கினான். கடைசி வரை போனான். பிறகு நாகரத்தினத்தின் தாளிலும் அதேபோல் மேலிருந்து கீழே வந்தான்.

"அவங்க எட்டு வரி எழுதியிருக்காங்க," என்றான். "இதுல ஏழுதான் இருக்கு, சார்."

இத்தனை மாதத்தில் அவன் அவரை சார் என்று கூப்பிட்டதில்லை.

நாகரத்தினம் எட்டிப் பார்த்தார். "கடைசி வரியா? அது ஒண்ணுமில்ல. நாளைக்கு வரும்போது நகம் வெட்டிக்கிட்டு வரணுமாம். அதான் விட்டுட்டேன்..."

மணிவேல் தாளை அவர் பக்கம் நகர்த்தினான்.

"எழுதுங்க."

எழுதினார். அவன் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான்.